அமெரிக்க வானொலியின் திகில் நாடகங்கள்

1943 மே 25 இரவு, அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் 'சஸ்பென்ஸ்' தொடரின் வழக்கமான அரைமணி நேரத்தில் ஒரு நாடகம் ஒலிபரப்பானது. நியூயார்க்கில் நோயாளியாகப் படுக்கையில் கிடக்கும் ஒரு பெண். வீட்டில் வேறு யாரும் இல்லை. இன்னும் திரும்பாத கணவனின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேச முயல்கிறாள். இணைப்பு மாறிப்போய், இரண்டு ஆண்கள் பேசிக்கொள்வது கேட்கிறது. இரவு 11.15 மணிக்குப் பாலத்தின் மீது ரயில் போகும். அந்தச் சத்தத்தில் அலறல் வெளியே கேட்காது. அப்போது ஒரு பெண்ணைக் கொன்றுவிட வேண்டும் என்று அவர்கள் திட்டமிடுகிறார்கள். பதறிப்போனவள் தொலைபேசி ஊழியரை அழைக்கிறாள், காவல் நிலையத்தை அழைக்கிறாள், மருத்துவமனையை அழைக்கிறாள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கொல்லப்படப் போகிறவள் தானே என்பது அவளுக்கு உறைக்கும்போது மணி 11.15-ஐ நெருங்கிவிடுகிறது.

'சாரி, ராங் நம்பர்' என்ற அந்த நாடகத்தை எழுதியவர் லூசில் ஃபிளெட்சர். முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவர் ஆக்னஸ் மூர்ஹெட். நேரடி ஒலிபரப்பு என்பதால் அன்று இறுதிக் காட்சியில் ஒரு தவறு நேர்ந்தது. ஒரு நடிகர் தன் முறை வந்ததைத் தவறவிட, கடைசியில் என்னதான் நடந்தது என்று கேட்டவர்களில் பலருக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் முடிவை விளக்கி அறிவிப்பே செய்ய வேண்டியிருந்தது. இருந்தும் மூன்று மாதங்களுக்குள் நாடகம் மீண்டும் ஒலிபரப்பானது. 1960 வரை 'சஸ்பென்ஸ்' தொடரில் மட்டும் எட்டு முறை அது நடிக்கப்பட்டது. எட்டு முறையும் மூர்ஹெட்தான்.

இன்று இணையத்தில் இதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் 1943-இல் பிறந்திருக்கவே மாட்டார்கள். தொலைபேசி இணைப்பைக் கொடுக்க நடுவில் ஓர் ஊழியர் இருந்த காலத்தையும் அவர்கள் அறியமாட்டார்கள். ஆகவே, இந்த நாடகங்கள் இன்றும் கேட்கப்படுவதற்குப் பழைய நினைவுகளின் மீதான ஏக்கம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. வானொலியில் படம் இல்லை என்ற குறையையே கதையின் முதுகெலும்பாக்கிக்கொண்ட ஓர் எழுத்து முறை 1930-க்கும் 1962-க்கும் இடையில் உருவானது. அதன் வரலாற்றைப் பார்த்தால் காரணம் தெரியும்.

இருட்டும் நிழலும்

வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1924 ஜனவரி 15 அன்று பிபிசி ஒலிபரப்பிய 'டேஞ்சர்'. எழுதியவர் ரிச்சர்ட் ஹியூஸ். கதை நடக்கும் இடம் வேல்சில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். தொடக்கத்திலேயே விளக்குகள் அணைந்துவிடுகின்றன. பிறகு பாத்திரங்களுக்கும் கண் தெரியாது, கேட்பவருக்கும் கண் தெரியாது. வானொலியின் குருட்டுத்தன்மைக்குக் கதைக்குள்ளேயே ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. பின்னால் வந்த திகில் நாடக ஆசிரியர்கள் பலரும் செய்தது இதன் விரிவாக்கமே.

அமெரிக்காவில் தொடக்கம் இவ்வளவு கலைநோக்கோடு அமையவில்லை. ஸ்ட்ரீட் அண்டு ஸ்மித் என்ற பதிப்பகம் தன் துப்பறியும் கதை இதழின் விற்பனையைக் கூட்ட, 1930 ஜூலையில் ஒரு வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கியது. கதையை அறிமுகம் செய்யும் மர்மக் குரலுக்கு 'ஷேடோ' என்று பெயர் வைத்தார்கள். கதைகளை விட அந்தக் குரல்தான் மக்களைப் பிடித்துக்கொண்டது. கடைகளில் போய் 'ஷேடோ' இதழ் வேண்டும் என்று கேட்டார்கள். அப்படி ஓர் இதழே கிடையாது. 1931-இல் பதிப்பகம் அதையும் தொடங்கிவிட்டது. வால்டர் கிப்சன் என்பவர் மேக்ஸ்வெல் கிராண்ட் என்ற புனைபெயரில் அதற்கு நாவல் நாவலாக எழுதித் தள்ளினார். 1937-இல் ஷேடோ தனி நாடகத் தொடரின் நாயகனாக மாறியபோது அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் 22 வயது ஆர்சன் வெல்ஸ். மற்றவர் மனத்தை மயக்கித் தன்னைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிக்கொள்ளும் வித்தை தெரிந்தவன் இந்த நாயகன். யாராலும் பார்க்க முடியாத நாயகனை வானொலியில் அறிமுகப்படுத்துவதற்கு எந்தச் செலவும் இல்லை! தொடர் 1954 டிசம்பர் வரை நீடித்தது.

உண்மையான திகில் சிகாகோவிலிருந்து வந்தது. 1934 ஜனவரியில் வில்லிஸ் கூப்பர் அங்கே 'லைட்ஸ் அவுட்' என்ற நள்ளிரவு நிகழ்ச்சியைத் தொடங்கினார். விளம்பரதாரர்கள் விரும்பாத நேரம் அது. எனவே எதை எழுதினாலும் கேட்பாரில்லை. கூப்பர் ஹாலிவுட்டுக்குப் போன பிறகு 1936-இல் பொறுப்பேற்ற ஆர்ச் ஓபோலர் அந்தச் சுதந்திரத்தை இன்னும் தூரம் கொண்டு சென்றார். மனிதனின் உடல் உள்புறம் வெளிப்புறமாகத் திரும்பும் ஒலிக்கு நனைத்த ரப்பர் கையுறை பயன்பட்டது. தலை துண்டாவதற்கு முட்டைக்கோஸ், மின் நாற்காலிக்கு வாணலியில் பொரியும் பன்றி இறைச்சி. கேட்டவர்கள் கோஸைக் கேட்கவில்லை என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

1937-இல் ஓபோலர் எழுதிய 'சிக்கன் ஹார்ட்' கதையைச் சுருக்கிச் சொன்னால் சிரிப்புதான் வரும். ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வைக்கப்பட்டிருந்த ஒரு கோழியின் இதயம் நிறுத்தாமல் வளர்ந்து, கட்டடத்தை, நகரத்தை, கடைசியில் உலகத்தையே விழுங்குகிறது. அலெக்சிஸ் கேரல் 1912 முதல் கோழி இதயத் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துவந்த சோதனை அப்போது நாளிதழ்களில் பெரிதும் பேசப்பட்டது. அதிலிருந்து பிறந்த கற்பனை இது. இதே கதையைத் திரைப்படமாக எடுத்திருந்தால் ரப்பர் பொம்மையைப் பார்த்து அரங்கம் கைதட்டியிருக்கும். வானொலியில் கேட்டதோ ஓர் இதயத் துடிப்பு. அது ஒவ்வொரு முறையும் சற்றுப் பெரிதாகக் கேட்டது.

செய்தியின் குரல்

இந்த வகையில் உலகப் புகழ் பெற்ற ஒலிபரப்பு 1938 அக்டோபர் 30 அன்று நிகழ்ந்தது. எச். ஜி. வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலை ஆர்சன் வெல்ஸின் மெர்க்குரி தியேட்டர் குழு சிபிஎஸ்ஸில் நாடகமாக்கியது. வசனம் எழுதியவர் ஹோவர்ட் காக். செவ்வாய்க் கிரகத்தவர் நியூஜெர்சியின் குரோவர்ஸ் மில் என்ற ஊரில் இறங்குவதை, நடன இசைக்கு நடுவே குறுக்கிடும் செய்தி அறிவிப்புகளாகவே அவர் அமைத்தார். களத்திலிருந்து பேசும் நிருபராக நடித்த ஃபிராங்க் ரீடிக், முந்தைய ஆண்டு ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்து விழுந்தபோது ஹெர்பர்ட் மாரிசன் என்ற வானொலியாளர் பதறியபடி விவரித்த ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத் தயாரானார். இதே ரீடிக், வெல்ஸுக்கு முன் ஷேடோவாகக் குரல் கொடுத்தவர்.

நாடெங்கும் மக்கள் வீட்டை விட்டுத் தெருவில் ஓடினார்கள் என்று மறுநாள் செய்தித்தாள்கள் எழுதின. இக்கதை பள்ளிப் பாடங்கள் வரை வந்துவிட்டது. ஆனால் அன்றிரவு 5000 வீடுகளில் தொலைபேசி வழியே நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், இந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னவர்கள் 2 சதவீதமே. பெரும்பாலோர் அதே நேரத்தில் என்பிசியில் எட்கர் பெர்கனின் பேசும் பொம்மை நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் உண்மையிலேயே பயந்தார்கள், காவல் நிலையங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன என்பது மெய். அதை நாடு தழுவிய பீதியாகப் பெரிதாக்கியதில், விளம்பர வருமானத்தை வானொலியிடம் இழந்துகொண்டிருந்த செய்தித்தாள்களின் ஆத்திரத்துக்குப் பங்கு உண்டு என்று இன்றைய ஊடக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த மிகைக்கதையை ஒதுக்கிவிட்டுக் கேட்டாலும் நாடகம் தாழ்ந்துபோவதில்லை. அதன் நடுவில், நிருபர் பேசிக்கொண்டே இருக்கும்போது ஒலி சட்டென்று அறுந்துவிடுகிறது. சில நொடிகள் எதுவுமே இல்லை. ஒலிபரப்பில் மௌனம் என்றால் பழுது என்று பழகிய காதுகளுக்கு அந்த மௌனம் என்ன செய்திருக்கும் என்பதை இன்று கேட்பவரும் உணரலாம்.

கதவும் தேநீரும்

இந்த நாடகங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1930-இல் அமெரிக்க வீடுகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் வானொலிப் பெட்டி இருந்தது; 1940-இல் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த குடும்பத்துக்குத் திரைப்படச் சீட்டு செலவு. பெட்டியை வாங்கிவிட்டால் வானொலி இலவசம். அத்தனை காதுகளையும் விளம்பர நிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. ஷேடோவுக்கு 'புளூ கோல்' என்ற நிலக்கரி நிறுவனம், 'சஸ்பென்ஸ்' தொடருக்கு முதலில் ரோமா ஒயின், பிறகு கார் உதிரிப்பாகங்கள் விற்கும் ஆட்டோலைட்.

இதில் விநோதமானது 'இன்னர் சாங்டம்' (1941–1952). தயாரிப்பாளர் ஹைமன் பிரவுன், எண்ணெய் காணாத கீலின் கிறீச்சொலியோடு மெல்லத் திறக்கும் ஒரு கதவை நிகழ்ச்சியின் முகப்பாக்கினார். கதவுக்கு அப்பாலிருந்து ரேமண்ட் என்ற தொகுப்பாளர் பிணங்களைப் பற்றிச் சிலேடை பேசி வரவேற்பார். லிப்டன் தேயிலை விளம்பரம் செய்த ஆண்டுகளில் மேரி என்ற பெண் இடையில் வந்து, இப்படியெல்லாம் பேசலாமா என்று அவரைக் கடிந்துகொண்டு, கையோடு தேநீரின் அருமையையும் சொல்லிவிட்டுப் போவார். கொலைக்கும் தேநீருக்கும் நடுவே கேட்பவர் ஊசலாடியது நிகழ்ச்சியைக் கெடுக்கவில்லை. பயத்தை அவ்வப்போது தளர்த்தி விட்டால்தான் மறுபடி இறுக்க முடியும் என்பது அந்தத் தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

காதுக்கு எழுதுவது

1942 ஜூன் முதல் 1962 செப்டம்பர் வரை ஓடிய 'சஸ்பென்ஸ்' இக்கலையின் உச்சம். இதன் வெள்ளோட்டம் 1940-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய 'தி லாட்ஜர்'. வாடகைக்கு வந்தவன்தான் கொலையாளியா என்பதைச் சொல்லாமலேயே அந்த நாடகம் முடிந்தது. தொடரை அதன் முதல் ஆண்டுகளில் நடத்திய வில்லியம் ஸ்பையர், கேரி கிராண்ட் போன்ற ஹாலிவுட் நட்சத்திரங்களை ஒலிவாங்கி முன் நிறுத்தினார். திரையில் நல்லவராகவே வந்தவர்களுக்கு இங்கே கொலைகாரராக நடிக்கும் வாய்ப்பு கிடைத்தது. மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒப்பனை வேண்டாம். கையில் தாளை வைத்துக்கொண்டு படித்தால் போதும். ஆனால் படிப்பது போல் கேட்கக் கூடாது.

ஃபிளெட்சர் 'ராங் நம்பர்' நாடகத்தில் செய்த காரியத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நாடகத்தின் ஏறக்குறைய எல்லாமே தொலைபேசி வழியாகவே வருகிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன கேட்கிறதோ அதுவே நமக்கும் கேட்கிறது. அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. வானொலிக் கேட்பவரும் அவளைப் போலவே ஓர் அறையில் உட்கார்ந்து, எங்கிருந்தோ வரும் குரல்களைக் கேட்டுக்கொண்டு, எதையும் தடுக்க முடியாமல் இருப்பவர்தான். இதற்கு மேல் ஒரு துணிச்சலும் உண்டு. அவள் நல்லவளாகவோ பரிதாபத்துக்குரியவளாகவோ எழுதப்படவில்லை. எரிந்து விழுகிறாள், அதட்டுகிறாள், ஊழியர்களை இளக்காரமாகப் பேசுகிறாள். முதல் பத்து நிமிடங்களில் அவள் மீது நமக்கே எரிச்சல் வருகிறது. அவளை நம்பாதவர்களின் பக்கம் நாமும் சாய்ந்துவிடுகிறோம். கடைசி நிமிடங்களில் அந்தக் குற்ற உணர்வும் பயத்தோடு சேர்ந்துகொள்கிறது.

1948-இல் அனடோல் லிட்வாக் இதைத் திரைப்படமாக்கினார். பார்பரா ஸ்டான்விக்கின் நடிப்பு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அரைமணி நேரக் கதையை முழுநீளப் படமாக்கக் கணவனின் கடந்தகாலம், பணத்தகராறு, சதி எல்லாம் முன்கதைக் காட்சிகளாகச் சேர்க்கப்பட்டன. படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறையை விட்டு வெளியே போய் வந்துவிட்ட பார்வையாளருக்கு, அந்த அறைக்குள் அடைபட்ட மூச்சுத்திணறல் குறைந்துவிடுகிறது.

அரூப எதிரிகளை விட எண்ணிக்கையில் அடங்காத எதிரிகள் வானொலிக்கு இன்னும் வசதி. சிபிஎஸ்ஸின் 'எஸ்கேப்' தொடரில் வந்த 'த்ரீ ஸ்கெலிட்டன் கீ' அதற்குச் சான்று. பிரெஞ்சு கயானா கடலோரப் பாறையில் ஒரு கலங்கரை விளக்கம். அதில் மூன்று காவலர்கள். ஆளில்லாத கப்பலொன்று பாறையில் மோத, அதிலிருந்த ஆயிரக்கணக்கான எலிகள் கலங்கரை விளக்கத்தை மூடிக்கொள்கின்றன. 1950-இல் வின்சென்ட் பிரைஸ் இதை நடித்தபோது, கண்ணாடிக்கு அப்பால் கீச்சிடும் ஒலியும் சுரண்டும் ஒலியும் நாடகம் முழுக்க விடாமல் கூடவே வந்தன. எலிகளின் எண்ணிக்கையைக் கேட்பவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மங்கலான பக்கங்கள்

எல்லாமே இந்தத் தரத்தில் இல்லை. வாரம் தவறாமல் எழுதியாக வேண்டிய அவசரத்தில் பல கதைகள் அச்சில் வார்த்தவை. இன்று கேட்கும் தமிழ் வாசகருக்கு இன்னொன்றும் உறுத்தும். ஷேடோவின் மனமயக்கு வித்தை அவன் கீழைநாடுகளில் கற்றது என்று ஒவ்வொரு வாரமும் சொல்லப்பட்டது. கிழக்கு என்றால் யோகியும் மந்திரமும் சூழ்ச்சியும். அங்கே கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொண்டு குற்றவாளிகளை ஒழிப்பவன் மட்டும் ஓர் அமெரிக்கச் செல்வந்தன். கறுப்பினத்தவரும் சீனரும் பெரும்பாலும் கேலிக் குரல்களாகவே வந்துபோனார்கள். பெண்கள் அலறுவதற்கு இருந்தார்கள். ஃபிளெட்சரும் மூர்ஹெட்டும் செய்தது எவ்வளவு அரிதானது என்பது மற்ற நாடகங்களை வரிசையாகக் கேட்கும்போதுதான் தெரியும்.

ஒலிபரப்பின் உள்ளேயும் ஓர் அச்சம் புகுந்தது. 1950 ஜூனில் வெளியான 'ரெட் சேனல்ஸ்' என்ற சிறுநூல், வானொலி, தொலைக்காட்சித் துறைகளைச் சேர்ந்த 151 பேரைக் கம்யூனிச ஆதரவாளர்கள் எனச் சந்தேகத்துக்குள்ளாக்கிப் பட்டியலிட்டது. ஆர்சன் வெல்ஸ் அதில் இருந்தார். 'எஸ்கேப்' தொடரின் இயக்குநர்களில் ஒருவரான வில்லியம் ராப்சன் இருந்தார். துப்பறியும் எழுத்தாளர் டாஷியல் ஹாமெட்டும் இருந்தார். அவருடைய நாயகன் சாம் ஸ்பேடின் பெயரில் வெற்றிகரமாக ஓடிய வானொலித் தொடர் 1951-இல் முடிந்துபோனது. விளம்பரதாரர்கள் சர்ச்சையை விரும்பவில்லை; விசாரணையோ தீர்ப்போ எதுவும் தேவைப்படவில்லை. ராப்சன் சில ஆண்டுகள் கழித்து, 1956-இல், 'சஸ்பென்ஸ்' தொடரை நடத்தத் திரும்பி வந்தார். அதற்குள் வானொலியின் காலமே முடியத் தொடங்கியிருந்தது.

எஞ்சிய தட்டுகள்

1955-இல் அமெரிக்க வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் தொலைக்காட்சி வந்துவிட்டது. விளம்பரப் பணம் அங்கே போனது. 1962 செப்டம்பர் 30 அன்று 'சஸ்பென்ஸ்' தொடரும், அதே நாளில் 'யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்' என்ற துப்பறியும் தொடரும் முடிவுக்கு வந்தன. அமெரிக்க வானொலி நாடகக் காலத்தின் கடைசி நாளாக வரலாற்றாளர்கள் குறிப்பது அதைத்தான்.

இவை இன்று கேட்கக் கிடைப்பதே ஒரு தற்செயல். பெரிய வானொலி நிறுவனங்கள் 1940-களின் பிற்பகுதி வரை, பதிவு செய்த நிகழ்ச்சிகளை ஒலிபரப்புவதைப் பொதுவாகத் தடை செய்திருந்தன. கிழக்குக் கடற்கரைக்கு ஒரு முறை, மூன்று மணி நேரம் கழித்து மேற்குக் கடற்கரைக்கு இன்னொரு முறை என்று பல நாடகங்கள் ஒரே இரவில் இரண்டு தடவை நடிக்கப்பட்டன. காற்றில் போனது போனதுதான். ஆனால் விளம்பரதாரருக்குக் காட்டவும் அலுவலகக் கோப்புக்காகவும் 16 அங்குலத் தட்டுகளில் பதிவுகள் எடுக்கப்பட்டன; ஒரு பக்கத்துக்கு 15 நிமிடம். அலுமினியத்தின் மீது அரக்குப் பூச்சு. போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காதபோது கண்ணாடியின் மீது பூசினார்கள். கைதவறினால் ஒரு நாடகமே போய்விடும். இரண்டாம் உலகப் போரின்போது படையினர் வானொலிச் சேவை, விளம்பரங்களை நீக்கிவிட்டு நாடகங்களைத் தட்டுகளாக வெளிநாட்டு முகாம்களுக்கு அனுப்பியது. அழிக்கப்பட்டிருக்க வேண்டிய அந்தத் தட்டுகளில் பல அழியாமல் சேகரிப்பாளர்கள் கைக்கு வந்தன. 1960-களிலிருந்து அவர்கள் நாடாவில் நகலெடுத்துத் தபாலில் பரிமாறிக்கொண்டார்கள். பின்னர் கேசட், குறுந்தகடு, இணைய ஆவணகம் என்று அந்தச் சங்கிலி நீண்டது.

'சஸ்பென்ஸ்' தொடரின் சுமார் 945 ஒலிபரப்புகளில் ஏறத்தாழ 900 இப்படித் தப்பிவிட்டன. 'இன்னர் சாங்டம்' அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை, பெரும்பகுதி கிடைப்பதில்லை. ஆனால் அதன் கதவு இன்னொரு முறை திறந்தது. 1974 ஜனவரியில் ஹைமன் பிரவுன் அதே கிறீச்சொலியோடு 'சிபிஎஸ் ரேடியோ மிஸ்டரி தியேட்டர்' தொடரைத் தொடங்கி, 1982 இறுதிக்குள் 1399 புதிய நாடகங்களைத் தயாரித்தார். தொலைக்காட்சி எல்லா வீட்டிலும் இருந்த காலத்தில்தான் இது நடந்தது. 2012-இல் தொடங்கிய 'வெல்கம் டு நைட் வேல்', 2015-இல் வந்த 'லைம்டவுன்' போன்ற வலையொலித் தொடர்கள் செய்தி அறிவிப்பாளரின் குரலிலும் புலனாய்வு நிருபரின் குரலிலும் கதை சொல்லி இளைஞர்களைப் பிடித்தன. 1938-இன் உத்தியை அடையாளம் காண அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. காதுக்குள் செருகிய ஒலிப்பான், நள்ளிரவு, அணைந்த விளக்கு என்று கேட்கும் சூழலும் 'லைட்ஸ் அவுட்' காலத்துக்கே திரும்பியிருக்கிறது.

ஓபோலரின் 'சிக்கன் ஹார்ட்' மட்டும் இந்தச் சங்கிலியில் அகப்படவில்லை. 1962-இல் வெளியான 'டிராப் டெட்!' என்ற இசைத்தட்டுக்காக ஓபோலர் அதைச் சில நிமிடங்களுக்குச் சுருக்கி மறுபடி பதிவு செய்தார். இன்று கேட்கக் கிடைப்பது அதுதான். 1937-இல் சிகாகோவிலிருந்து அந்த இதயம் முதன்முதலாகத் துடித்த பதிவு இதுவரை எந்தச் சேகரிப்பிலிருந்தும் வெளிவரவில்லை.